திரையில் கரையேறியவர்கள்

அனுப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி. அங்குள்ள முகாமில் இருப்பவர்கள் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து தொடங்கிய வருகை அது. தமிழ் சினிமா அதைக் கையில் எடுத்து, உருமாற்றிய கதையும் சுவையானது.

2001இல் பாலாவின் ‘நந்தா’ ராமேஸ்வரத்தில் வந்திறங்கும் அகதிப் பெண்ணைக் கதாநாயகி ஆக்கியது. ஆனால் கதை உள்ளூர் நாயகனுடையதே. மறு ஆண்டு மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தது. அதில் கர்ப்பிணி ஷியாமா படகில் வந்து, பெண் குழந்தையைப் பெற்று, இங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள்.

இரண்டிலும் கண்ணீர்தான்.

 

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் வந்தவர்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது.

அதே நெருக்கடியில் தப்பி வரும் குடும்பத்தை 2025இல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ சிரிக்கச் சிரிக்கக் காட்டியது. ராமேஸ்வரத்தில் போலீஸிடம் மாட்டி, பேசித் தப்பிக்கும் சசிகுமார், சிம்ரன் குடும்பம் முகாம் பக்கமே போகாமல் சென்னையில் வாடகை வீடு பிடிக்கிறது.