இரண்டு ஏணிகள்

உத்தியோகத்தில் ஒருவன் உயர்ந்துவிட்டான் என்று நம்மவர்கள் சொல்லும்போது, அவன் குரலுக்கு எழுந்து நிற்கும் மனிதர்களின் தொகை பெருகிற்று என்பதையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருக்கிறார்கள். கலெக்டர் கச்சேரியின் குமாஸ்தா சிரஸ்தாராகவும், சிரஸ்தார் தாசில்தாராகவும் ஏறிப்போன காலத்திலிருந்து வழிவழியாக வந்த கணக்கு அது. மென்பொருள் என்னும் தொழில் பிறந்து ஏறக்குறைய எண்பது வருஷங்களே ஆகின்றன. அந்தப் புது வீட்டிலும் இந்தப் பழைய கணக்கு குடியேறிய விதமும், அதை வெளியேற்றச் சில புத்திசாலிகள் பட்ட பாடும் சொல்லத்தக்க ஒரு சரித்திரம்.

அச்சரித்திரத்தின் முதல் ஏட்டில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, பீரங்கிக் குண்டு எவ்வழியே சென்று எங்கே விழும் என்பதைக் காகிதத்திலும் மேஜைக் கணக்குப்பொறியிலும் கணித்துக் கொடுத்த பெண்களுக்கு அமெரிக்க ராணுவத்தில் 'கம்ப்யூட்டர்' என்பதே உத்தியோகப் பெயர். அவர்களிலிருந்து பொறுக்கியெடுத்த அறுவரிடம், பிலடெல்பியாவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் உருவாகிக்கொண்டிருந்த எனியாக் என்ற கணினி யந்திரத்துக்குக் கணக்கு அமைத்துக் கொடுக்கும் வேலை 1945-இல் ஒப்படைக்கப்பட்டது. கையேடு கிடையாது, கற்பிக்க ஆசானும் கிடையாது. யந்திரத்தின் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு தாமே கற்றார்கள். 1946 பிப்ரவரியில் யந்திரத்தை உலகுக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் இரவு, குண்டு தரையைத் தொட்ட பின்னும் கணக்கு நிற்காமல் பூமிக்குள்ளே போய்க்கொண்டே இருந்தது. பெட்டி ஸ்னைடர் என்ற பெண் வீட்டுக்குப் போய் உறங்கி, காலையில் திரும்பி வந்து, ஒரே ஒரு ஸ்விட்சைத் திருப்பிப் போட்டார், பிழை தீர்ந்தது. காட்சி அமோகமாக நடந்தேறியது. அன்றிரவு விருந்துக்கு அந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை. சம்பளப் பட்டியலில் அவர்களுடைய தரம் 'நிபுணர்' என்பதற்கு ஒரு படி கீழே. அந்த வேலைக்கும் ஓர் ஏணி வேண்டியிருக்கும் என்ற எண்ணமே அன்று ஒருவருக்கும் உதிக்கவில்லை.

அடுத்த பத்து வருஷங்களில் நிலைமை மாறிற்று. நியூயார்க்கில் ஐ.பி.எம். ஸ்தாபனத்தில் ஜான் பேக்கஸ் என்பவர் 1954-இல் தொடங்கி, பத்துப் பேருக்குச் சற்று ஏறக்குறைய இருந்த ஒரு சிறு கோஷ்டியை வைத்துக்கொண்டு, 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியை வெளியிட்டார். அந்தக் கோஷ்டிக்குத் தலைவராக இருந்து தாம் செய்த பிரதான நிர்வாகக் காரியம், மத்தியான உணவு வேளையில் தொடங்கும் சதுரங்க ஆட்டங்களை நீளவிடாமல் கலைத்துவிட்டதே என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பத்துப் பேர் இருந்தால் தலைமை என்பது அவ்வளவுதான். ஆயிரம் பேரானால் என்னவாகும் என்பதை அதே ஸ்தாபனம் சீக்கிரத்திலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 என்ற கணினிக் குடும்பத்தின் நிர்மாணத்தை நடத்தியவர், அப்போது முப்பத்துமூன்று வயதுகூட நிரம்பியிராத ஃபிரெடரிக் புரூக்ஸ். யந்திரம் ஒருவாறு ஒப்பேறியதும், அதை இயக்கும் மென்பொருளான ஓ.எஸ். 360-இன் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. வேலை உச்சத்திலிருந்தபோது ஆயிரம் பேருக்கு மேல் அதில் ஈடுபட்டிருந்தார்கள். 1963 முதல் 1966 வரையில் சுமார் 5,000 ஆள்-வருஷ உழைப்பை அது விழுங்கியிருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிரலாளருக்கும் ஒரு பொதுக் குறிப்பேடு; ஆறு மாதத்தில் அது ஐந்தடி கனத்துக்கு வளர்ந்துவிட்டது. அதில் தினந்தோறும் மாற்றிச் செருகவேண்டிய புதுத் தாள்கள் மட்டும் சராசரி நூற்றைம்பது. மான்ஹாட்டனில் டைம்-லைஃப் மாளிகையிலிருந்த காரியாலயத்தில் மட்டும் இப்படி நூறு பிரதிகள்! அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த மாளிகையையே எட்டிப் பிடித்துவிடும் என்ற நிலை வந்தபின், நல்ல வேளையாக மைக்ரோஃபிஷ் படத்தாள் வந்து அவர்களைக் காப்பாற்றியது.

தாள் பெருகியதைவிட விசேஷமானது, புரூக்ஸ் தாமே ஒப்புக்கொண்ட ஒரு தவறு. மென்பொருளின் வெளியமைப்பை வகுத்து எழுதவேண்டிய கட்டம். திட்டவரைவுக் குழுவின் தலைவரிடம் பத்து நல்ல ஆட்கள் இருந்தார்கள். பத்து மாதம் கொடுத்தால் செம்மையாக எழுதித் தருகிறேன் என்றார் அவர், அது அட்டவணையைவிட மூன்று மாதம் அதிகம். நிரல் எழுதும் பிரிவின் தலைவரிடமோ நூற்றைம்பது பேர். வேலையை எங்களிடம் கொடுத்தால் குறித்த காலத்தில் முடிப்போம், இல்லாவிட்டால் இத்தனை பேரும் பத்து மாதம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றார். அவர்களிடம் கொடுத்தாலும் அதே மூன்று மாதம் தாமதமாகும், தரமும் கெடும் என்று முதலாமவர் எச்சரித்தார். நூற்றைம்பது பேர் சும்மா இருக்கும் காட்சியைக் கற்பனை செய்யவும் பொறாத புரூக்ஸ், வேலையை அவர்களிடமே கொடுத்தார். எச்சரித்தவர் சொன்னபடியே தாமதமும் ஆயிற்று, தரமும் கெட்டது. அதனால் பிழை திருத்தும் காலத்தில் ஒரு வருஷம் கூடியிருக்கும் என்று புரூக்ஸ் கணக்கிட்டார். தலைகளை எண்ணும் பழக்கம் எவ்வளவு கெட்டிக்காரரையும் எப்படிப் பிடித்தாட்டுகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

புரூக்ஸ் ஸ்தாபனத்தை விட்டு வடக்குக் கரோலினாவில் ஆசிரியராகப் போகப் புறப்பட்டபோது, அதன் அதிபர் தாமஸ் வாட்ஸன் இளையவர், யந்திர நிர்மாணத்தைவிட மென்பொருள் நிர்மாணத்தை நடத்துவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரைக் கேட்டாராம். அதற்கு அவர் சாவகாசமாக அளித்த பதிலே 1975-இல் வெளிவந்த 'தி மிதிகல் மேன்-மன்த்' என்னும் புத்தகம். தாமதமான வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய சூத்திரம் இன்று டீக்கடையில் நிற்கும் நிரலாளன் வாயிலும் வருகிறது. ஆனால் அதே நூலில் ஏணிகளைப் பற்றி அவர் எழுதியதை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே.

வித்தையில் சிறந்தவனுக்கு வெகுமதியாக நிர்வாகப் பதவியைக் கொடுத்தால், ஒரு நல்ல வித்வானை இழந்து, பெரும்பாலும் ஒரு சுமாரான அதிகாரியைப் பெறுகிறோம் என்பது அந்நாளிலேயே தெரிந்த விஷயம். திறமை தீர்ந்துபோகும் படி வரையில் மனிதர்களை ஏற்றிவிடுகிறார்கள் என்று 1969-இல் லாரன்ஸ் பீட்டர் என்பவர் ரேமண்ட் ஹல்லுடன் சேர்ந்து ஒரு பரிகாச நூலே எழுதினார். இதற்குப் பரிகாரமாக இரண்டு வழிகள் வழக்கில் இருந்ததைப் புரூக்ஸ் எடுத்துக்காட்டுகிறார். பெல் ஆராய்ச்சிக்கூடம் பட்டங்களையே ஒழித்து, எல்லோரையும் 'தொழில்நுட்பக் குழுவின் உறுப்பினர்' என்ற ஒரே பெயரால் அழைத்தது. 1969-இல் யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருளைத் தொடங்கிய கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் இருந்த இடம் அது. ஐ.பி.எம். ஸ்தாபனமோ இரண்டு ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நாட்டியது. ஒன்று நிர்வாகத்துக்கு, மற்றொன்று வித்தைக்கு. 1960-களின் ஆரம்பத்தில் வாட்ஸன் ஏற்படுத்திய 'ஃபெல்லோ' என்ற பதவி இந்த இரண்டாவது ஏணியின் உச்சிப்படி. ஒருவரையும் மேய்க்க வேண்டாத பேக்கஸ் 1963-இல் அதில் அமர்த்தப்பட்டு, தம் மனத்துக்கு இசைந்த ஆராய்ச்சியிலேயே காலம் கழித்தார்.

ஏணியை நாட்டினால் மட்டும் போதாது, இரண்டும் சமமென்று ஜனங்கள் நம்பவேண்டுமே! சம்பளம் சமமாக இருக்கவேண்டும், இருக்கும் அறையும் சமமாக இருக்கவேண்டும் என்றார் புரூக்ஸ். அதற்கு மேலும் ஒரு யுக்தி சொன்னார்: வித்தையின் ஏணியிலிருந்து நிர்வாக ஏணிக்கு ஒருவனை மாற்றும்போது சம்பள உயர்வு ஒருபோதும் தரலாகாது, அதைப் பதவி உயர்வு என்று சொல்லாமல் இடமாற்றம் என்றே அறிவிக்கவேண்டும், அங்கிருந்து இங்கே திரும்பி வருபவனுக்கோ எப்போதும் உயர்வு கொடுக்கவேண்டும். தலைகீழ்ப் பேச்சாகத் தோன்றினாலும், சாய்ந்திருக்கும் தராசைச் சமமாக்க எதிர்த்தட்டில் கல் வைப்பது வியாபாரிகள் அறிந்த வித்தைதானே!

அதிகாரிகளே வேண்டாமென்று பார்த்தவர்களும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் கூகுள் தன் எஞ்சினியர்களுக்கு மேலிருந்த மானேஜர்களை எடுத்துவிட்டுப் பார்த்தது. செலவுச் சீட்டும் சகாக்களின் சச்சரவும் நேரே ஸ்தாபகர்களில் ஒருவரான லாரி பேஜின் மேஜைக்கு வந்து குவிந்ததில், சில மாதங்களிலேயே அந்தச் சோதனை முடிவுற்றது. பிற்பாடு அவர்களே தங்கள் மானேஜர்களை ஆராய்ந்து, நல்ல மானேஜருக்குரிய எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தியபோது, தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்தில் வந்து நின்றது. வித்தை வேறு, மனிதர்களை நடத்தும் வித்தை வேறு என்பதை அவர்கள் கணக்குப் போட்டே கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டில் 1968-இல் டாட்டா கன்ஸல்டன்ஸியும் 1981-இல் இன்ஃபோஸிஸும் தோன்றி வளர்த்த வியாபாரத்தில், வெளிதேசத்து வாடிக்கையாளர் பெரும்பாலும் இத்தனை ஆள், இத்தனை மணி என்ற கணக்கில் பணம் கொடுத்தார். எனவே அடியில் அகன்று உச்சியில் குறுகும் பிரமிட்டே நிர்வாகத்தின் வடிவமாயிற்று. அந்தப் பிரமிட்டில் டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர் என்று ஏறும் ஏணி ஒன்றே பளிச்சென்று தெரிந்தது. 'ஆர்க்கிடெக்ட்' என்று மற்றோர் ஏணியும் காகிதத்தில் இல்லாமல் இல்லை.

தரமணியில் 2000-ஆம் வருஷம் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் திறந்த சில ஆண்டுகளுக்குப் பின், அவ்வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பிறர் எழுதிய பழைய கோபால் கணினிமொழி நிரலைப் பஞ்சாங்கம் பார்ப்பது போல ஓட்டமாகப் படித்துப் பிழை சொல்லக்கூடியவர். மேனேஜர் பதவி இரண்டு தரம் தேடி வந்தும் வேண்டாமென்றவர். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நானும் இருந்தேன். பெண்ணின் தகப்பனார் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் கோடிங்தான் பண்றாரா?" என்று, அவரைக் கேளாமல் என்னைக் கேட்டார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தரம் பதவி வந்தபோது சரியென்றுவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே 'ப்ராஜெக்ட் மேனேஜர்' என்று அச்சாகியிருந்தது. கம்பெனியிலிருந்து உத்தரவுக் கடிதம் வந்ததோ, கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து.