பகடை உருட்டினால் திறக்கும் மெக்சிகோ கோயில்... ‘டி அண்ட் டி’ விளையாட்டு என்றால் என்ன? ஆரணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அடர்ந்த காடு. நடுவில் இடிந்த கோயில். உள்ளே விஷப்புகை, மறைகுழி, புதையல். நாலு நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டியே இந்தக் கோயிலுக்குள் போய் வருகிறார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமாக ‘டி அண்ட் டி’ விளையாட்டில் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழங்கால நாகரிகங்களை வைத்து உருவாக்கிய சாகசக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆரணியிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேடு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பிறகு அந்த அரசு வீழ்ந்தது. அங்கேயும் சிதைந்து மண்மூடிய கோயில்கள் இருந்தன. ஆனா அதே ஊரில்தான் ரேணுகாம்பாள் கோயிலும் இருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்த யாரும் படவேட்டை ‘செத்துப்போன நகரம்’ என்று சொல்ல மாட்டார்கள்.

அப்போ, உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒருத்தர் படவேட்டைப் புதையல் வேட்டைக் களமாக வைத்து விளையாட்டு எழுதினால் எப்படி இருக்கும்? மெக்சிகோ மக்களுக்கு இது நடந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது என்ன கதை, இப்போ என்ன மாறியிருக்கிறது? பார்க்கலாம்.

டி அண்ட் டி என்றால் என்ன?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கிய விளையாட்டு இது. 1997 முதல் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொம்மை தயாரிப்பில் பிரபலமான ‘ஹாஸ்ப்ரோ’. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு, அதில் சிறுவர்கள் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து விளையாடுவது ஞாபகம் இருக்கும். அதுதான் இது.

சிம்பிளா சொன்னா, இது பகடை வைத்து ஆடும் கூட்டுக்கதை. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்குப் பெயர் ‘டன்ஜன் மாஸ்டர்’. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். திரை கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. பேச்சும் பகடையும்தான்.

ஓர் உதாரணம். “கல் கதவு மூடியிருக்கு. மேலே சிறுத்தை முகம் செதுக்கியிருக்கு. என்ன பண்றீங்க?” என்று கதை நடத்துபவர் கேட்கிறார். “நான் தள்ளித் திறக்கிறேன்” என்கிறார் போர்வீரன் வேஷக்காரர். கதவு திறக்க 15 தேவை. அவர் 20 முகம் கொண்ட பகடையை உருட்டுகிறார். 12 விழுகிறது. உடல் வலிமைக்காக 4 கூட்டினால் 16. கதவு திறந்துவிட்டது. 8 விழுந்திருந்தால் 12தான் வரும், கதவு அசையாது. அடுத்து என்ன செய்வது என்று அவர்களே யோசிக்கணும்.

‘ஹை லெவல்’ சாகசம்னா என்ன?

ஒவ்வொரு கதாபாத்திரமும் 1ஆம் லெவலில் தொடங்கி, அனுபவம் சேரச் சேர 20 வரை வளரும்.

* 1 முதல் 4 வரை: ஊர்ப் பிரச்சினை. காணாமல் போன ஆடு, வழிப்பறிக் கும்பல்.
* 5 முதல் 10 வரை: ஒரு நாட்டைக் காப்பாற்றும் அளவுக்குப் பலம்.
* 11 முதல் 16 வரை: செத்தவரை எழுப்பலாம், வேறு உலகங்களுக்குப் போகலாம்.
* 17 முதல் 20 வரை: உலகமே பணயம். எதிரில் நிற்பது அரக்கர் தலைவனாகவோ சாமியாகவோ கூட இருக்கலாம்.

சிக்கல் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஒரு விளையாட்டில் எதிரியை வெல்லணும்னா அதுக்கு ‘ஹிட் பாயின்ட்’ வேண்டும். அதாவது, எத்தனை அடி வாங்கினால் விழும் என்ற கணக்கு. 1980இல் வெளியான ‘டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற டி அண்ட் டி புத்தகம், பல நாட்டுச் சாமிகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டு அச்சிட்டது. அதில் மத்திய அமெரிக்கச் சாமிகளுக்கு ஓர் அத்தியாயம். இந்தியச் சாமிகளுக்கும் ஓர் அத்தியாயம். இந்திரன், காளி, விஷ்ணு, எமன் எல்லோருக்கும் அதில் ஹிட் பாயின்ட் உண்டு.

மெசோஅமெரிக்கா எங்கே இருக்கிறது?

இன்றைய மெக்சிகோவின் நடுப்பகுதி, தென்பகுதி, குவாத்தமாலா, பெலிஸ், எல் சால்வடார், ஹோண்டுராஸின் ஒரு பகுதி ஆகியவை சேர்ந்த நிலப்பரப்பைத்தான் ஆய்வாளர்கள் ‘மெசோஅமெரிக்கா’ என்கிறார்கள். ஓல்மெக், மாயா, ஆஸ்டெக் நாகரிகங்கள் வளர்ந்த இடம். மாயா மக்கள் தனி எழுத்து வைத்திருந்தார்கள், கணக்கில் பூஜ்யம் பயன்படுத்தினார்கள்.

ரொம்ப தூரத்து விஷயம்னு நினைக்க வேண்டாம். தக்காளியும் மிளகாயும் இந்தியாவுக்கு வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான். ‘டொமேட்டோ’, ‘சில்லி’, ‘சாக்லேட்’ ஆகிய சொற்களின் வேர், ஆஸ்டெக் மக்கள் பேசிய நவாட்டில் மொழியில் இருக்கிறது. அந்த மொழியை மெக்சிகோவில் சுமார் 16 லட்சம் பேர் இன்றும் பேசுகிறார்கள். மாயா மொழிகளைப் பேசுவோரும் பல லட்சம் பேர். குவாத்தமாலா மலைப்பகுதிகளில் 260 நாள் கொண்ட பழைய நாள்காட்டியைப் பார்த்து நல்ல நாள் குறிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. படவேடு மாதிரிதான். கோட்டை போயிருக்கலாம், கும்பிடுகிறவர்கள் போகவில்லை.

பழைய கதைகளில் என்ன பிரச்சினை?

முதலில் ‘ஹிட்டன் ஷ்ரைன் ஆஃப் தமோவாச்சன்’. 1979இல் ஒரு போட்டிக்காக எழுதி, 1980இல் புத்தகமாக வந்த சாகசம். 5 முதல் 7ஆம் லெவல் வரையிலான கதாபாத்திரங்களுக்கானது. கைவிடப்பட்ட கோயிலின் அடித்தளத்தில் வீரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். விஷப்புகை நிரம்பியிருக்கிறது. மூச்சு முட்டிச் சாவதற்குள் மேலே வரணும். விளையாட்டாகப் பார்த்தால் விறுவிறுப்பானது. இன்றும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். 2017இல் மறுபடியும் அச்சானது.

ஆனா பெயரைக் கவனிக்கணும். நவா மக்களின் புராணத்தில் ‘தமோவாஞ்சன்’ என்பது மனிதர்கள் படைக்கப்பட்ட புனித இடம். ஒரு மக்களின் பிறப்பிடக் கதை, இங்கே உயிரைப் பறிக்கும் பாழடைந்த கட்டிடத்தின் பெயராக மாறிவிட்டது.

அடுத்தது ‘மாஸ்டிகா’. டக்ளஸ் நைல்ஸ் 1990, 1991 ஆண்டுகளில் எழுதிய மூன்று நாவல்களும், 1991இல் வந்த விளையாட்டுப் பெட்டியும் சேர்ந்து உருவாக்கிய கற்பனைக் கண்டம். கோர்டெல் என்ற தளபதி கடல் தாண்டிப் படையோடு வந்து, நெக்சால் என்ற ஏரி நகரத்தைத் தேடிப் போகிறான். இது 1519இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்டேஸ் மெக்சிகோவில் இறங்கி, 1521இல் ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானை வீழ்த்திய வரலாற்றின் சாயல். ஆக, அந்த நிலம் விளையாட்டு உலகத்துக்கு அறிமுகமானதே ஒரு படையெடுப்புக் கதையோடுதான்.

இரண்டு கதைக்கும் பொதுவான குறை ஒன்றுதான். வெளியாள் உள்ளே போகிறான், எடுத்துக்கொண்டு வருகிறான். 

2022இல் என்ன மாறியது?

2022 ஜூலையில் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ என்ற டி அண்ட் டி புத்தகம் வந்தது. 1 முதல் 14ஆம் லெவல் வரை 13 சாகசங்கள். எழுதிய அனைவரும் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள். பெரும்பாலும் தங்கள் சொந்தப் பண்பாட்டிலிருந்தே கதை நிலத்தை உருவாக்கினார்கள்.

இதற்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் அஜித் ஏ. ஜார்ஜ். இந்திய வம்சாவளி அமெரிக்கர். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் பணியாற்றியவர்.

இதில் 8ஆம் லெவலுக்கான ‘டிரெயில் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ மெசோஅமெரிக்கச் சாயல் கொண்ட கதை. நடக்கும் இடம் ‘த்லெதெபெக்’. நவாட்டில் மொழியில் ‘த்லெத்’ என்றால் நெருப்பு, ‘தெபெத்’ என்றால் மலை. எரிமலைகள் சூழ்ந்த அந்த நிலத்தில் மக்கள் வாழ்கிறார்கள், பிழைக்கிறார்கள், பயப்படுகிறார்கள். இங்கே வீரர்கள் போவது புதையலுக்கு அல்ல, ஆபத்தில் இருக்கும் ஊர்களுக்கு உதவுவதற்காக. மெக்சிகோ ஏரிகளில் வாழும் ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் உயிரினத்தை மனதில் வைத்து ஒரு ராட்சத நெருப்பு உயிரையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

அதே புத்தகத்தில் 9ஆம் லெவலுக்கான ‘இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’ கதையை எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல். 2018இல் ஹியூகோ விருது இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற தலித் எழுத்தாளர். அவருடைய கதை நிலத்தின் பெயர் ‘சங்கபூமி’. வங்காளத்தின் ஆறும் சதுப்பு நிலமும் அதில் உண்டு. ‘இந்தியா’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், வங்காளம் என்று ஓர் இடத்தில் காலூன்றியதுதான் அதன் பலம்.

‘இது வெறும் கேம்தானே?’

நியாயமான கேள்வி. சாமி வேஷம் போடுவதே தப்பு என்று சொன்னால், நம்ம தெருக்கூத்தையும் நிறுத்தணும். ஆரணி, செய்யாறு, வந்தவாசி பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறுவார். துரியோதனன் படுகளத்தில் பிரம்மாண்ட மண் உருவம் கிடக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள். அதுவும் வேஷம்தான், அதுக்கும் விதி உண்டு.

வித்தியாசம் என்னன்னா, கூத்து ஆடுகிறவரும் பார்க்கிறவரும் அந்தச் சாமிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். மறுநாள் காலையில் அதே ஊரில்தான் இருக்கணும். தூரத்திலிருந்து எழுதுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால், வெளியாள் எழுதவே கூடாது என்பது இல்லை. அந்த ஊர்க்காரர் படித்தால் தன் ஊர் என்று அடையாளம் தெரிய வேண்டும். சோதனை அதுதான்.

ஆரணியை வைத்து எழுத முடியுமா?

முடியும். 2023 ஜனவரியில், டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள் அடங்கிய 5.1 பதிப்பு ஆவணம் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதைப் பயன்படுத்தி யார் வேண்டுமானாலும், எந்த மொழியிலும், தங்கள் சாகசத்தை எழுதி விற்கலாம். கட்டணம் இல்லை. மூல ஆவணத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனா சங்கபூமி, மாஸ்டிகா போன்ற உலகங்கள் அந்த ஆவணத்தில் இல்லை. அவற்றை எடுத்து விற்க முடியாது.

கதைக்கான சரக்கு இங்கேயே இருக்கிறது:

* ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கமண்டல நாகநதி.
* தலை துண்டிக்கப்பட்டு மறுபடி உயிர்பெற்ற ரேணுகாவின் கதை.
* தலைநகரை இழந்த சம்புவராயர்கள்.
* 1751இல் ராபர்ட் கிளைவும், 1782இல் ஹைதர் அலியும் போரிட்ட ஆரணிக் களம்.
* பாவும் ஊடையும் சேர்த்துப் பட்டு நெய்யும் தறி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு.

எழுதும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்த ஊரில் இன்றைக்கு வாழ்கிறவர்கள் கதையில் எங்கே இருக்கிறார்கள்? வீரர்கள் கோயிலுக்குள் போவது எடுக்கவா, காப்பாற்றவா? சாமிக்கு ஹிட் பாயின்ட் போட்டே ஆகணுமா, இல்லை வரம் தரும், சோதிக்கும் சக்தியாக வைத்தால் போதுமா?

மூணாவது கேள்விக்கு மெசோஅமெரிக்காவே ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. மாயா மக்களின் ‘போப்போல் வூ’ நூலில், இரட்டைச் சகோதரர்கள் பாதாள உலகத்துக்குப் போய், மரணத்தின் அரசர்களோடு பந்து விளையாடுகிறார்கள். பலத்தால் அல்ல, தந்திரத்தால் ஜெயிக்கிறார்கள். ஹை லெவல் சாகசம் என்றால் இதை விடப் பெரிசா ஒன்று வேண்டுமா? இது எந்த விளையாட்டு நிறுவனமும் எழுதிக் கொடுத்தது இல்லை. அந்த மண்ணின் மக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்த கதை.