டேலி மெக்கானிக்கும் சிவப்புப் பஹியும்

ஊருக்குப் போகும்போதெல்லாம் இதே கேள்விதான். "சாஃப்ட்வேர்ல இருக்கியாமே, அமெரிக்கா எப்போ?" கும்பகோணத்தில் பெரியப்பாவுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் இல்லை பெரியப்பா, யாரோ எழுதினதை விற்றுவிட்டு, கடை கடையாகப் போய் அதைச் சரி பண்ணிக் கொடுக்கிறவன் என்றேன். "அப்ப மெக்கானிக்கா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் டில்லியில் டேலி மெக்கானிக்.

விசிட்டிங் கார்டில் 'பார்ட்னர்' என்று இருக்கும். லாபத்தில் பங்கு உண்டா என்று கேட்காதீர்கள், ஹி ஹி. ஒரு லைசென்ஸ் விற்றால் கமிஷன் உண்டு. அதை வைத்துக்கொண்டு டில்லியில் வாடகை கட்ட முடியாது. சோறு போடுவது வருஷாந்திர சர்வீஸ் ஒப்பந்தமும், 'எங்க பில்லில் லோகோ இந்த மூலையில் வரணும், லாரி நம்பர் அந்த மூலையில் வரணும்' என்று கேட்பவர்களுக்கு டிடிஎல் என்கிற டேலியின் சொந்த மொழியில் நாலு வரி எழுதிக் கொடுப்பதும்தான்.

டேலி பிறந்த கதை பலருக்குத் தெரியாது. பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தென்னிந்திய, கிழக்கிந்திய ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகமும் சப்ளை செய்து வந்தார். அவருடைய கணக்கை ஒழுங்காகப் பார்க்க ஒரு மென்பொருளும் சரிப்பட்டு வரவில்லை. கணிதம் படித்த மகன் பரத்திடம் நீயே ஒன்று எழுதேன் என்றார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தது. முதல் பதிப்பு டாஸில் ஓடிய சாதாரண கணக்குப் புத்தகம். 1999-ல்தான் கம்பெனியின் பெயர் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அப்பா வியாபாரி என்பதால்தான் இது ஜெயித்தது என்பது என் கட்சி. மற்ற கணக்கு மென்பொருட்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோடு எண் கொடுக்கணும். டேலியில் 'ராம்லால்' என்றே பெயர் போடலாம். மவுஸைத் தொடவே வேண்டாம். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். விரல் பழகிவிட்டால் கண் திரைக்குப் போகாது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குமாஸ்தாக்கள் ஹார்மோனியம் வாசிப்பது போல டேலி அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். 1998-ல் டில்லிக்கு வந்தேன். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் பக்கம் ஒரு ஒண்டுக் குடித்தனம். வேலை நேரு பிளேஸில், அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் விற்கிற கடையில். அந்த நாள் நேரு பிளேஸைப் பார்த்திருக்கிறீர்களா? படிக்கட்டு, நடைபாதை, தூண் இடுக்கு எல்லாம் கடைதான். சாஃப்ட்வேர் வேணுமா, சிடி வேணுமா என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அமெரிக்க அரசாங்கம் வருஷா வருஷம் போடுகிற கள்ளச் சந்தைப் பட்டியலில் பிற்பாடு இந்தப் பெயரும் ஏறியது.

எங்கள் கடையில் ஒரு கம்ப்யூட்டர் விற்றால் கூடவே விண்டோஸ், ஆபீஸ், டேலி மூன்றும் இனாம். இனாம் என்றால் கிராக் காப்பி. கொண்டு போய் நிறுவுவது என் வேலை. ஒரிஜினல் டேலிக்கு அப்போது டாங்கிள் உண்டு, பிரின்டர் மாட்டுகிற இடத்தில் செருகுகிற சின்னப் பெட்டி. அது இல்லாமலே ஓட வைக்கிற ஃபைல் என் ஃபிளாப்பியில் இருக்கும். இது தப்பு என்று தெரியுமா? தெரியும். மென்பொருள் 1984-லேயே காப்புரிமைச் சட்டத்துக்குள் வந்தாச்சு. 1994 திருத்தத்தில், கள்ளக் காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் ஜெயில் என்று தனிப் பிரிவே வந்தது. சட்டம் அங்கே, நேரு பிளேஸ் இங்கே. எத்தனை கடையில் போட்டேன் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. இருநூறுக்குக் குறையாது.

அதில் ஒன்று சாவ்ரி பஜாரில் பைப் ஃபிட்டிங் மொத்த வியாபாரி ஒருவருடைய கடை. லாலாஜி என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு முனீம்ஜி இருந்தார். அறுபது வயது, காதில் பென்சில், மடியில் சிவப்புத் துணி போட்ட பஹி. நம்ம ஊர் பேரேடு மாதிரி. மேலே கோடு இழுக்காத, பழைய மகாஜனி எழுத்தில் எழுதுவார். லாலாஜியின் பிள்ளைக்கே அதைப் படிக்க வராது. நான் டேலி சொல்லிக் கொடுக்கப் போனபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேட்டா, கரண்ட் போனா உன் கணக்கு எங்கே போகும்?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் டேலியும் கற்றுக்கொண்டார், பஹியையும் விடவில்லை. ரெட்டை வேலை. எனக்கு அது கிழவரின் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

2004-ல் கடை வேலையை விட்டுவிட்டு நானே டேலி விற்க ஆரம்பித்தேன். நேரமும் கூடி வந்தது. 2005 ஏப்ரல் 1 முதல் டில்லி உட்படப் பல மாநிலங்களில் விற்பனை வரி போய் வாட் வந்தது. 4 சதவீதம், பன்னிரண்டரை சதவீதம் என்று இரண்டு முக்கிய விகிதம். நம்ம தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான் சேர்ந்தது, உத்தரப் பிரதேசம் 2008-ல். பழைய விற்பனை வரியில் வாங்கும்போது கட்டிய வரியைப் பற்றிக் கவலை இல்லை. வாட்டில் அதைக் கழித்துக்கொண்டு மிச்சம் கட்டணும். அதற்கு ஒவ்வொரு கொள்முதல் பில்லும் கணக்கில் ஏறணும். கடையடைப்பு செய்து பார்த்தார்கள் வியாபாரிகள், ஒன்றும் நடக்கவில்லை. டேலி 7.2 வாட்டோடு வந்தது. பழைய பதிப்பு வைத்திருந்தவர்கள் எல்லாம் மாற வேண்டிய கட்டாயம். இந்தியாவில் கணக்கு மென்பொருளை விற்றது விளம்பரம் அல்ல, வரி அதிகாரிதான்.

புது கார்டை எடுத்துக்கொண்டு, நானே கிராக் போட்ட கடைகளுக்கு லைசென்ஸ் விற்கக் கிளம்பினேன். கூச்சமாகத்தான் இருந்தது. லாலாஜி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே கையாலதானே அன்னிக்கு சும்மா போட்டே? இன்னிக்கு ஆயிரக்கணக்கில் கேக்கறே. அன்னிக்கு நீ திருடனா, இல்லை இன்னிக்கா?" கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முனீம்ஜி மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் நேரு பிளேஸிலிருந்து வேறொரு பையன் வந்து 300 ரூபாய்க்கு 7.2 கிராக் போட்டுவிட்டுப் போனான். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவன்.

2006 மார்ச்சில் லாலாஜியிடமிருந்து போன். அந்தக் கிராக்கோடு வைரஸ் வந்ததா, ஹார்ட் டிஸ்க் போனதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. டேட்டா ஃபோல்டர் காலி. பேக்கப் எடுத்த ஃபிளாப்பிகள் படிக்கவே இல்லை. பதினோரு மாதக் கணக்கு போயாச்சு. வருஷக் கடைசி வேறு. 'அன்றைக்கு யார் திருடன்' என்று திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். வாயே வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் முதல் கள்ள டேலியை நிறுவியது நான்தானே.

முனீம்ஜி பஹிகளை எடுத்து வந்து வைத்தார். ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்.

ஆனால் அதைப் படிக்க அவர் ஒருவரால்தான் முடியும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசிக்க, நானும் என் மனைவியும் மாறி மாறி அடித்தோம். பதினெட்டு ராத்திரி. வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியும், இந்தி எண்களில் நம்மவர்கள் தடுக்கி விழுவது எங்கே என்று. 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உனாசி, 89 நவாசி. அவள் உன்சட் என்றால் 69 அடித்துவிடுவாள். ஒரு பார்ட்டியின் பாக்கி பஹியோடு சரியாகப் பத்து ரூபாய் உதைத்தது. விடியற்காலை இரண்டு மணி வரை தேடினோம். கடைசியில் முனீம்ஜியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சொன்னார், பாஞ்ச், நௌ என்று. நடுவில் அவள் கொடுத்த ரசம் சாதத்தை, இது தால் மாதிரியும் இல்லை, தண்ணி மாதிரியும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பதினெட்டு நாளில் நான் கற்றுக்கொண்ட கணக்கு வழக்கு எந்த டிரெயினிங்கிலும் வரவில்லை.

லாலாஜி பணம் கொடுத்தார். வாங்கவில்லை. அடுத்த மாதம் ஆள் அனுப்பி லைசென்ஸ் வாங்கிக்கொண்டார். அவர் சொல்லி சாவ்ரி பஜாரில் இன்னும் பதினோரு கடைகள் வந்தன. என் வியாபாரம் நின்றது அதில்தான்.

எல்லாக் கடைகளும் இப்படித் திருந்திவிட்டன என்று நினைக்காதீர்கள். மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான பிஎஸ்ஏ, 2005-ல் இந்தியாவில் இருந்த மென்பொருளில் 72 சதவீதம் கள்ளக் காப்பி என்று மதிப்பிட்டது. 2017-ல் 56 சதவீதம். கம்பெனிகள் போட்ட கணக்கு, கொஞ்சம் கூடவே இருக்கும். இருந்தாலும் தெருவில் நான் பார்த்ததற்கு ரொம்ப தூரமில்லை. ஒரு ஜவுளிக்காரர் லைசென்ஸ் இல்லாத பயிற்சி முறையிலேயே வியாபாரம் நடத்தினார். அதில் மாதத்தின் 1, 2 தேதிகளையும் 31-ஐயும் தவிர வேறு தேதி போட முடியாது. அவர் கணக்குப்படி கடை மாதத்தில் மூன்று நாள்தான் திறந்திருக்கும்!

2006-ல் டேலி 9 வந்தது. இந்தியோடு தமிழிலும் ஓடும். ஆசையாகத் தமிழில் மாற்றிப் பார்த்தேன், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விற்றது ஒன்றுகூட இல்லை. தமிழை விடுங்கள், இந்தியில் கேட்டவரும் யாரும் இல்லை. முனீம்ஜியிடம் இந்தித் திரையைக் காட்டினால், இங்கிலீஷில் எது எங்கே இருக்கிறது என்று பழகிவிட்டதே, மறுபடி எதற்கு என்றார். நடுவில், 2011 வாக்கில், இன்னொரு மென்பொருள் கம்பெனிக்கும் இரண்டு வருஷம் பார்ட்னராக இருந்தேன். பெயர் வேண்டாம். நான் பிடித்துக் கொடுத்த பெரிய வாடிக்கையாளரிடம் அவர்களே நேராகப் போய் அடுத்த வருஷ ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பார்ட்னர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் அன்றைக்குப் புரிந்தது.

முனீம்ஜி 2013-ல் போய்ச் சேர்ந்தார். நிகம்போத் காட்டில் நானும் நின்றேன்.

2017 ஜூன் 30 ராத்திரி நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ஜிஎஸ்டி விழா டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் ஆபீசில் நானும் மூன்று பையன்களும் டேலி இ.ஆர்.பி 9-இன் ஆறாவது ரிலீஸை இறக்கிக்கொண்டிருக்கிறோம். 140 வாடிக்கையாளர்கள். காலையில் எல்லோரும் பில் போடணும். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். டில்லி 07, தமிழ்நாடு 33. இரண்டு பக்கமும் 07 என்றால் வரி பாதி மத்தியம், பாதி மாநிலம். 33-இலிருந்து 07-க்கு வந்தால் முழுசும் ஐஜிஎஸ்டி. காந்தி நகரில் ரெடிமேட் வியாபாரி ஒருவர் திருப்பூர்ச் சரக்கையெல்லாம் டில்லி மாநிலத்தின் கீழ் ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லாகத் திருத்தினேன். நியாயமாகப் பார்த்தால் எரிச்சல் வரணும். ஆனால் 33, 33 என்று பார்த்துக்கொண்டே போனதில் ஏதோ ஊர்க் கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது.

அந்த ஆறு மாதம் தூங்கவில்லை. மூன்று படிவம் என்றார்கள், பிறகு அதில் இரண்டை நிறுத்தி வைத்து 3பி என்று ஒன்றைப் போடச் சொன்னார்கள். நவம்பர் 15 முதல் 178 பொருட்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 140 போன். ஒரு பையன் வேலையை விட்டே ஓடிவிட்டான். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த வருஷம்தான், மறைப்பானேன்.

அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 2020 கடைசியில் டேலி பிரைம் வந்தது. படித்த பிள்ளைகள் கடைக்கு வந்துவிட்டார்கள். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள், புதுப்பிப்பதும் ஆன்லைனில். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் பில் 2023 ஆகஸ்டில் கட்டாயமானபோது கொஞ்சம் வேலை வந்தது. 140 இப்போது எழுபது சொச்சம். பையன்கள் மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவன்.

2025 செப்டம்பர் 22-ல் 12, 28 சதவீத விகிதங்களை எடுத்தபோது லாலாஜியின் பேத்தி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அரை மணியில் அவளே எல்லாச் சரக்குக்கும் விகிதத்தை மாற்றி முடித்திருக்கிறாள். "சும்மா உட்காருங்க அங்கிள், தப்பு பண்ணினா சொல்லுங்க" என்றாள். ஒன்றும் தப்பில்லை. டீ குடித்தேன்.

அக்டோபரில் தீபாவளி பூஜைக்கும் வரச் சொன்னாள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் புது சிவப்புப் பஹி, மேலே ஸ்வஸ்திக். வருஷா வருஷம் வாங்குகிறார்கள், முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி மூடி வைத்துவிடுகிறார்கள். இந்த முறை பேனாவை என்னிடம் நீட்டினாள். மகாஜனி எனக்கு வராது. தமிழில் தேதியைப் போட்டு, 'ஸ்ரீ' என்று எழுதி, கீழே முனீம்ஜி எழுதுவது போல ஆரம்ப இருப்பை இலக்கம் இலக்கமாக எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.