கைத்திறனும் மேடைத்திறனும்



கோயில் திருவிழா, பள்ளி விழா என்றால் நம்மிடையே ஒரு மேடை எழும்பிவிடும். பாட்டு, பேச்சு, நாடகம் ஆகியவற்றுக்கிடையே யாராவது ஓர் இளைஞன் செப்பிடு வித்தை காட்டவும் முன்வருவான். வீட்டில் தம்பி தங்கைகள் முன்னிலையில் காசை மறைத்தும் கயிற்றை வெட்டி ஒட்டியும் அசத்தியவன்தான். ஆனால், மேடை ஏறியதும் அவன் கால் நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பத்து நிமிட வித்தையை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு இறங்கி ஓடுகிறான். "அவனுக்கு மேடை ஒத்துவராது" என்று நாமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

மேடைத்திறன் என்பது பிறவியிலேயே வருவதா? பழகிப் பெறுவதா? இக்கேள்விக்கு ஒரு கடிகாரத் தொழிலாளியின் வரலாறு விடை சொல்கிறது. அவர்தான் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ஹூடின். இக்கால மேடை மாயவித்தையின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். நம்மில் பலர் கேள்விப்பட்டுள்ள ஹூடினி வேறு. அவர் பிற்காலத்து அமெரிக்கர். இவருடைய பெயரைப் பின்பற்றித்தான் அவர் தமக்கு ஹூடினி என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

ராபர்ட் 1805-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புளுவா என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் கடிகாரம் செய்பவர். மகனும் அத்தொழிலையே கற்றார். இளமையில் ஒரு நாள் கடிகாரத் தொழில் பற்றிய நூல் வாங்கச் சென்றபோது, கடைக்காரர் தவறுதலாக வேறு நூலைக் கட்டிக் கொடுத்துவிட்டாராம். பிரித்துப் பார்த்தால் அதில் மாயவித்தை விளக்கங்கள்! அவர் எழுதிய தன்வரலாறு இப்படிக் கூறுகிறது. அன்று முதல் ஓயாத பயிற்சி. சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே சீட்டையும் காசையும் விரல்களால் புரட்டிப் பழகினார். நான்கு பந்துகளை மாறிமாறி எறிந்து பிடித்துக்கொண்டே புத்தகம் படிக்கும் அளவுக்குக் கை தேறியது. பால்மரம் வெட்டுகிற நம்மவர் கை, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையில் தானாகக் கோடு இழுக்கிறதே, அதுபோலத்தான். பின்னர் பாரிஸ் நகரில் ஹூடின் என்ற கடிகாரக்காரரின் மகளை மணந்து, அவர் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

1845-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், பாரிஸின் பாலே ரொயால் பகுதியில் ஏறத்தாழ 200 பேர் அமரக்கூடிய சொந்த அரங்கைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 39. எத்தனையோ ஆண்டுகள் பழகிய கை. ஆயினும் அன்று நடந்தது என்ன? கூட்டத்தைக் கண்டதும் அச்சம் பற்றிக்கொண்டது. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஓடின. ஏற்ற இறக்கமில்லாத குரலில், எப்போது முடியும் என்ற தவிப்போடு வித்தைகளைச் செய்து முடித்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அரங்கையே மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்!

அவ்வேளையில் நண்பர் ஒருவர் வந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "நல்ல முடிவு, இது உமக்கு ஆகாத வேலை என்று எனக்கு முன்பே தெரியும்" என்ற பொருளில் பேசினார். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ரோஷம் வந்தது. அரங்கம் மீண்டும் திறந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் நிதானம் கூடியது. பேச்சின் வேகம் தணிந்தது. கை முன்பே தேறியிருந்தது. மக்கள்முன் நிற்கும் பழக்கம்தான் பின்னால் வந்தது. மாயவித்தைக்காரன் வெறும் பந்தாட்டக்காரன் அல்லன், மந்திரவாதி வேடம் ஏற்கும் நடிகன் என்பது அவர் பின்னாளில் வற்புறுத்திய கருத்து.

அக்காலத்து வித்தைக்காரர்களின் மேடை, பித்தளைப் பாத்திரங்களும் தரைவரை துணி தொங்கும் மேசைகளுமாக நெருக்கியடித்துக் கிடக்கும். ஹூடின் அவற்றையெல்லாம் அகற்றினார். வீட்டு வரவேற்பறையைப் போல எளிமையாக மேடையை அமைத்தார். விருந்துக்குப் போகும் கனவானைப் போல உடுத்தி வந்தார். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. கூட்டத்தில் தம் ஆளை ஒளித்து வைப்பதில்லை, பார்வையாளரைக் கேலிப் பொருளாக்கிச் சிரிப்பு மூட்டுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். மேடைக்கு வருபவர் தம் விருந்தாளி என்பது அவர் கொள்கை.

1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் 'இரண்டாம் பார்வை' என்ற வித்தையை அரங்கேற்றினார். கண்கள் கட்டப்பட்ட நிலையில் மகன் எமில் மேடையில் இருப்பான். தந்தை மக்களிடையே நடந்து சென்று, அவரவர் கையிலிருக்கும் பொருளை வாங்குவார். மகன் அது இன்னதென்று சொல்வான். தங்கள் பொருளே ஆட்டத்தில் இடம் பெற்றதும் கூட்டத்துக்கு உற்சாகம் பிறந்தது. புதுப்புதுப் பொருள்களோடு மக்கள் வரத் தொடங்கினர், அரங்கம் நிறைந்தது.

இதற்குப் பின்னால் இருந்த பயிற்சியைக் கேளுங்கள். புள்ளிகள் இட்ட டோமினோ கட்டைகளை ஒரே பார்வையில் கூட்டிச் சொல்லத் தந்தையும் மகனும் முதலில் பழகினர். பிறகு கடைத்தெருவில் நடந்தபடியே ஒரு கடையைப் பார்வையால் துழாவிவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நினைவில் நின்ற பொருள்களை எழுதினர். தந்தை 30 பொருள்கள் எழுதினால், மகன் 40 எழுதுவானாம்! செலவில்லாத பயிற்சி இது. நம் மளிகைக் கடை வாசலிலும் செய்து பார்க்கலாம்.

காலத்துக்கு ஏற்பப் பேசவும் அவர் அறிந்திருந்தார். 1846-இல் ஈதர் என்ற மயக்க மருந்து அறுவை மருத்துவத்துக்குப் பயன்படத் தொடங்கியது. எங்கும் அதே பேச்சு. மறு ஆண்டே ஹூடின் தம் இளைய மகனை, முழங்கை மட்டும் ஒரு கழியில் ஊன்றியிருக்க, அந்தரத்தில் கிடத்திக் காட்டினார். ஈதரின் ஆற்றல் இது என்று சொல்லி, அதன் வாடையையும் அரங்கில் பரவச் செய்தார். பிள்ளைக்குத் தீங்கு நேருமே என்று கண்டித்துச் சிலர் கடிதமே எழுதினார்களாம். இவ்வித்தைக்கு ஒரு மூத்த உறவு சென்னையில் உண்டு. ஒரு கையை மட்டும் தாங்கலில் வைத்து அந்தரத்தில் அமர்ந்து காட்டிய சென்னைப் பிராமணர் ஒருவரைப் பற்றி 1832-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து ஏடு ஒன்று எழுதியிருக்கிறது.

நேயர்களே, இவ்வரலாற்றில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. ஹூடினிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. மேடைக்கடியில் மறைந்திருந்த மின்காந்தத்தில் மின்சாரம் பாய்ந்தால், பெட்டியின் இரும்பு அடிப்பாகம் இறுகப் பிடித்துக்கொள்ளும். யாராலும் தூக்க முடியாது. பாரிஸில் இது ஒரு வேடிக்கை. 1856-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கு மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த சமயப் பெரியவர்களின் பிடியைத் தளர்த்துவதே நோக்கம். அதே பெட்டியை அங்கே வைத்து, "உன் பலத்தை நான் பறித்துவிடுவேன்" என்று கட்டுடல் வாய்ந்த ஒருவரிடம் சொன்னார். அம்மனிதர் இழுத்தார், திணறினார். கைப்பிடி வழியே மின்னதிர்ச்சியும் பாய, அலறி ஓடினார். பெட்டி மாறவில்லை, சொல்தான் மாறியது. பாரிஸில் சிரிக்க வைத்த வித்தை, அல்ஜீரியாவில் ஆள்பவனுக்குப் பணியவைக்கும் கருவியாயிற்று. இவை சூனியம் அல்ல, கைத்திறனே என்று பிறகு மொழிபெயர்ப்பாளர் வாயிலாக விளக்கப்பட்டதாக அவரே எழுதுகிறார். இருந்தாலும், அந்த மேடை யாருக்காகப் போடப்பட்டது என்பதை மறக்க முடியுமா? வெள்ளைக்காரத் துரைகளின்கீழ் உழைத்த பாட்டன் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, இளைஞர்களே, மேடைக்கு வருமுன் கையைப் பழக்குங்கள். தொடக்கத்தில் பேசும் நான்கு வரிகளை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேடையில் ஒரு மூச்சு விட்டு, கூட்டத்தின் முகம் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசுங்கள். உதவிக்கு வருபவரின் பெயரைக் கேளுங்கள். முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். ஒரு வித்தை பிசகினால் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போங்கள். தெய்வசக்தி என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். பார்க்கும் பிள்ளைகளே, நீங்களும் "இது எப்படி?" என்று கேட்கப் பழகுங்கள்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் வித்தை காட்ட வந்தால், வேலைக் களைப்பிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அவனுடைய முதல் கூட்டம் நீங்கள்தான். இன்று பத்துப் பேர்முன் தலைநிமிர்ந்து பேசுகிற பிள்ளை, நாளை வேலை நேர்காணலிலும், சங்கக் கூட்டத்திலும், அலுவலக முகப்பிலும் தன் குடும்பத்துக்காகப் பேசுவான், பேசுவாள். முதல் நாள் தடுமாறியது ஹூடினுக்கே நேர்ந்ததுதான். அவர் மறுபடியும் மேடை ஏறினார்.