கதவுக்குப் போட்ட மர வேஷம்

இப்ப வர்ற அபார்ட்மென்ட் கதவுகளைப் பார்த்திருப்பீங்க. தேக்கு மாதிரியே ரேகை ஓடும். தட்டினா தகரச் சத்தம் வரும். "எல்லாம் டூப்ளிகேட் காலம்"னு பெருசுங்க அலுத்துக்குவாங்க. ஆனா இந்த டூப்ளிகேட் ரொம்பப் பழசுங்க. பண்டைய எகிப்துலயே சாதா மரத்து மேல உசத்தி மரத்தோட ரேகையை வரைஞ்சிருக்காங்க.

எனக்குப் பிடிச்ச உதாரணம் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவோட முதல் ஜனாதிபதியேதான். வர்ஜீனியாவுல அவரோட மவுன்ட் வெர்னான் மாளிகையை வெளியே இருந்து பார்த்தா கல் கட்டடம் மாதிரி இருக்கும். நிஜத்துல அது பைன் பலகை. ஓரத்தைச் சரிவா சீவி, பெயின்ட் அடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள மணலை வீசியிருக்காங்க. உள்ளே போனா வேற வேஷம். நடுக்கூடத்து மரவேலை எல்லாம் மஹோகனி மாதிரி மின்னும். அதுவும் பெயின்ட்தான், 1797ல அடிச்சது. ஆக, வெளியே கல்லு, உள்ளே மஹோகனி, நடுவுல பாவப்பட்ட பைன் :)

எப்படிச் செஞ்சாங்க? நம்ம பாஷையில சொன்னா எல்லாமே லேயர்தான். முதல்ல வெளிர் நிறத்துல ஒரு கோட். அது காய்ஞ்சதும் மேல பழுப்பு நிறத்துல மெல்லிசா, அடியில இருக்கறது தெரியற மாதிரி இன்னொண்ணு. அது ஈரமா இருக்கும்போதே சீப்பால இழுத்தா ரேகை விழும். துணியால அங்கங்க துடைச்சா ஓக் மரத்துல வர்ற வெள்ளித் திட்டு கிடைக்கும். மேல மெல்லிசான பிரஷ்ஷால மென்மையாக்கி, கடைசியா வார்னிஷ். மேல் கோட்டைக் கலக்க புளிச்ச பீரைக்கூட ஊத்துவாங்களாம்!

இங்கிலாந்துல தாமஸ் கெர்ஷான்னு ஒருத்தர் இதுல கில்லாடி. 1851ல லண்டன்ல நடந்த மாபெரும் கண்காட்சியில பரிசு வாங்கினார். அவர் வரைஞ்ச பலகைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு.

இதைப் பார்த்துக் கொதிச்சவர் ஜான் ரஸ்கின். 1849ல வந்த புத்தகத்துல, ஒரு பொருளை இன்னொரு பொருளா காட்டற பெயின்ட் வேலை கட்டடக்கலையில பொய்யின்னு அடிச்சுச் சொன்னார். கட்டடத்துல தங்க முலாம் பூசறதை மட்டும் மன்னிச்சுட்டார், அதை யாரும் கெட்டித் தங்கம்னு நம்பமாட்டாங்களாம். அதே புத்தகத்துல, மெஷின்ல செஞ்ச அலங்காரமும் பொய்யின்னார். மனுஷக் கை உழைப்புதான் அவருக்கு உசத்தி. அப்படின்னா முழுக்க முழுக்கக் கையால வரைஞ்ச இந்த ரேகை மேல மட்டும் ஏன் கோபம்?

சரி, டூப்ளிகேட் பொய்யாவே இருக்கட்டும். ஒரிஜினல் எங்கிருந்து வந்துச்சு? 1721ல பிரிட்டன் தன்னோட அமெரிக்கக் காலனி மரங்களுக்கு வரியை நீக்குச்சு. உடனே ஜமைக்கா மஹோகனி கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. அங்கே மரம் குறைஞ்சதும் இப்ப பெலிஸ்னு சொல்ற நாட்டுக் காட்டுக்குள்ள போனாங்க. வெட்டினது ஆப்பிரிக்க அடிமைகள். அவங்கள்ல ஒருத்தர் உயரமான மரத்து உச்சியில ஏறி, இலையோட நிறத்தை வச்சு எங்கெல்லாம் மஹோகனி நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அந்த நாட்டுல அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1834லதான்.

அதுக்காக வாஷிங்டன் நல்லவர், அதான் பெயின்ட்டோட நிறுத்திக்கிட்டார்னு சொல்ல வரலை. 1799ல அவர் இறந்தப்போ மவுன்ட் வெர்னான்ல 317 அடிமைகள் இருந்தாங்க. போலிக் கதவுக்குப் பின்னாடியும் அதே கதைதான்.

என் கணக்கு இதுதான்: ஒரு கதவு நிஜமா போலியான்னு கேக்கறதைவிட, அதுக்கு யார் என்ன விலை கொடுத்தாங்கன்னு கேக்கறது முக்கியம். பெரிய இலை மஹோகனி 2003ல இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுல இருக்கு. இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது ஒரிஜினல் மேல இருந்த ஆசைதான், டூப்ளிகேட் இல்லை.

அடுத்த தடவை கதவைத் தட்டி தகரச் சத்தம் கேட்டா சிரிக்காதீங்க மக்களே. எங்கேயோ ஒரு மரம் தப்பிச்சிருக்கலாம்.