மக்கரேரே மலையில் ஓர் அமெரிக்க வாத்தியார்

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "இங்க இருந்துக்கிட்டே ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டில எம்.எட். பண்ணலாம்னு இருக்கேன். நாளைக்கு ஊருக்கு வந்தா செல்லுமா?" பதில் தேடப் போன நான், வழக்கம்போல வழி தவறி 1961-ல் போய் நின்றுவிட்டேன். அங்கே கண்டதை எழுதி வைக்கிறேன்.

வெளிநாட்டில் வேலை செய்யும் ஆசிரியருக்குக் கல்வியியல் பட்டம் என்றால் ரொம்ப நாளாக ஒரே திசைதான். ஆசிரியர்கள் நியூயார்க்குக்குப் போவார்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் படிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். சீனாவின் குவோ பிங்வென் 1914-ல் அங்கேதான் முனைவர் பட்டம் வாங்கினார். கோல்ட் கோஸ்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் அக்ரியும் அங்கே படித்தவர்தான். கற்பித்தல் பற்றிய அறிவு மேற்கில் இருக்கிறது, போய் வாங்கி வரணும் என்பதுதான் கணக்கு.

1961-ல் அது கொஞ்சம் தலைகீழாகிறது.

கென்யா, உகாண்டா, தங்கனீக்கா மூன்றும் விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். புது அரசாங்கத்துக்கு அதிகாரிகள் வேண்டும், மருத்துவர்கள் வேண்டும். அவர்களெல்லாம் உயர்நிலைப் பள்ளி வழியாகத்தான் வரவேண்டும். அந்தப் பள்ளிகளோ மிகக் குறைவு. பாடம் நடத்தியவர்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ்காரர்கள், கொடி இறங்கியதும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. உள்ளூர்ப் பட்டதாரிகளைப் பள்ளிக்கு அனுப்பினால் அலுவலகம் காலி, அலுவலகத்துக்கு அனுப்பினால் பள்ளி காலி. டாம் ம்போயா முயற்சியில் 1959-லிருந்து கென்ய மாணவர்கள் விமானம் விமானமாக அமெரிக்கா போனதும் (முதல் விமானத்தில் 81 பேர்) இந்த நெருக்கடியால்தான்.

1960 டிசம்பரில் பிரின்ஸ்டனில் ஒரு மாநாடு. கிழக்கு ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளும் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் உட்கார்ந்து பேசினார்கள். உடனடித் தேவை என்று கேட்கப்பட்டது 150 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். பொறுப்பு டீச்சர்ஸ் காலேஜுக்கு வந்தது. 'டீச்சர்ஸ் ஃபார் ஈஸ்ட் ஆப்பிரிக்கா' என்ற திட்டத்தின் முதல் ஆசிரியர்கள் 1961-லேயே கிளம்பிவிட்டார்கள். கென்னடியின் பீஸ் கோர் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். இது அதோடு ஒட்டிப் பிறந்து மறக்கப்பட்ட பிள்ளை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன நிர்வாகச் சிக்கல். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒரு பக்கம். வரலாறோ வேதியியலோ படித்து முடித்து, கையில் பட்டம் மட்டும் வைத்திருந்த இளைஞர்கள் இன்னொரு பக்கம். பிரிட்டிஷ் முறையில் இந்தப் பட்டம் மட்டும் போதாது. அதன்மேல் ஒரு வருஷம் கல்வியியல் டிப்ளோமா படித்தால்தான் 'பயிற்சி பெற்ற' ஆசிரியர். (நம்ம ஊர்ப் பழைய வாத்தியார்கள் வீட்டுப் பலகையில் 'பி.ஏ., எல்.டி.', 'பி.ஏ., பி.டி.' என்று இருக்குமே, அதே ஏற்பாடு.) ஆகவே இந்த அமெரிக்க இளைஞர்கள் கம்பாலாவின் மக்கரேரே கல்லூரியில் ஒரு கல்வியாண்டு உட்கார்ந்து படித்தார்கள். 1922-ல் தொழிற்பள்ளியாகத் தொடங்கி, லண்டன் பல்கலைக்கழகத்தின் நிழலில் வளர்ந்த ஆப்பிரிக்கக் கல்லூரி, அமெரிக்கப் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் தகுதி கொடுத்தது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!

தகுதி வேறு, வேலை வேறு. பள்ளிக்குப் போனால் நாலாம் ஃபார்ம் முடிவில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. பாடத்திட்டம் அமெரிக்காவுடையதும் இல்லை, ஆப்பிரிக்காவுடையதும் இல்லை. ஓஹையோக்காரர் ஒருவர் கென்யப் பிள்ளைக்கு இங்கிலாந்துக்காரர் திருத்தப்போகும் விடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், 'கலர்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டல் உட்பட. நியூயார்க்கில் படித்த முறைகளுக்கு இங்கே நேரடி உபயோகம் கொஞ்சம்தான். மக்கரேரேயின் ஒரு வருஷம்தான் அந்த உலகத்தின் விதிகளைக் கற்றுக்கொடுத்தது. மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் சரியான படிப்பு கிடைத்தது என்பது என் கருத்து. எந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தரப் போகிறோமோ அந்த ஊரிலேயே வாங்கிய தகுதி அது.

ஆனால் திட்டத்தின் குறையும் சீக்கிரமே தெரிந்தது. இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போகும் ஆசிரியரை வைத்து எவ்வளவு காலம் ஓட்டுவது? 1964-லிருந்து கவனம் மாறியது. பள்ளி ஆசிரியர்களுக்குப் பதில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஆட்களை அனுப்பினார்கள். உள்ளூர் ஆசிரியரை உருவாக்குவதே வேலை என்றானது. 1967-ல் பரீட்சையையும் கையில் எடுக்க கிழக்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் குழு அமைந்தது. அதே வருஷம் நியரேரே, தன்னிறைவுக்கான கல்வி என்ற அறிக்கையில், கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலிருந்து பிரிக்கும் இந்தப் பள்ளிக்கூட முறையையே கேள்வி கேட்டுவிட்டார். வந்த வாத்தியார்கள் விசுவாசமாக நடத்திய பாடம் மொத்தமும் அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

திரும்பிப் போனவர்களில் பலர் ஆப்பிரிக்க ஆய்வுப் பக்கம் போனார்கள். பழைய ஆசிரியர்கள் சங்கம் ஒன்று அமைத்து அந்தப் பள்ளிகளுக்கு உதவியும் அனுப்பியிருக்கிறார்கள்.

தோழிக்கு நான் அனுப்பிய பதில் இதைவிடச் சின்னது. இந்தியாவில் பி.எட்., எம்.எட். படிப்புகளை அங்கீகரிப்பது என்.சி.டி.இ.; பணம் கட்டுவதற்கு முன்னால் எழுத்துமூலம் கேட்டுக்கொள் என்றேன். கூடவே, "நீ ஊருக்குத் திரும்பப் போறியா, இல்ல அங்கேயே இருக்கப் போறியா?" என்றும் கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னணியில் கடல் சத்தம். "அதைத்தான்டி இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.