எழுத்தும் எண்ணும்

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த பெருங்கணிப்பொறிகளில் ‘ஏ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் எண் 193. ஆஸ்கி முறையிலோ 65. எண்ணை மாற்றாது படிப்பின் எழுத்துத் திரியும்.

தமிழுக்கும் இவ்விடர் நேர்ந்தது. எழுத்துருதோறும் எண் வேறுபட்டமையால், ஒருவர் பொறித்ததைப் பிறர் படித்தல் அரிதாயிற்று. 1999இல் சென்னை மாநாடு பொதுமுறை வகுக்க முயன்றது. எனினும், 1991இல் தோன்றிய யூனிகோடு முறையே நாளடைவில் நிலைபெற்றது. புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் பொறித்த மடலை இன்று மதுரையில் பிழையின்றிப் படிக்கலாம்.

அம்முறையில் ‘க’வின் எண் 2965, புள்ளியின் எண் 3021, இரண்டும் சேரின் ‘க்’ ஆகும். மெய்யோடு உயிர் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கும் என்பது இலக்கணம். இங்கோ உயிர்மெய்யிலிருந்து மெய் பிறக்கிறது! இது தகுமோ எனத் தமிழாசிரியர் வினவுதல் இயல்பே. உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியெண் தரும் முறையொன்றையும் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது.

மெய் புள்ளி பெறும் என்றும், புள்ளியற்ற வடிவே அகரமேறியது என்றும் தொல்காப்பியர் வரிவடிவிற்கு விதி கூறினார். யூனிகோடு அவ்வரிவடிவையே பின்பற்றுகிறது, ஒலியை அன்று. ஆதலின் ‘தமிழ்’ என்பதற்கு எழுத்து மூன்று, எண்ணோ ஐந்து. எழுத்தெண்ணக் கற்கும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துதல் ஆசிரியர் கடனாம்.